எருவை, பாறு, கழுகு



"கழுகுக்கு மூக்கில் வேர்த்தாற்போல வந்துவிட்டான்" என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. சம்பளம் போட்ட மாலையில் கடன் கொடுத்தவர் லயத்து வாசலில் வந்து நின்றால், வீட்டில் பெரியவர்கள் இப்படித்தான் முணுமுணுப்பார்கள். பிறருடைய துன்பத்தில் ஆதாயம் தேடுகிறவனைப் 'பிணந்தின்னிக் கழுகு' என்று திட்டுகிறோம். ஆனால், எதையும் கூர்ந்து பார்க்கும் ஒருவரைக் 'கழுகுக்கண் உடையவர்' என்று அதே வாயால் பாராட்டவும் செய்கிறோம்.

ஒரே சொல் ஓரிடத்தில் வசவாகவும் மற்றோரிடத்தில் புகழாகவும் நிற்பது எப்படி? கழுகு என்பது ஒரு பறவையா, பல பறவைகளா? நம் முன்னோர் அதனை எப்பெயரால் அழைத்தார்கள்? புலவர்கள் அதனை எப்படிக் கண்டார்கள்? இன்றைய உரையில் அச்சொல்லின் வரலாற்றை ஓரளவு பார்ப்போம். அந்த வரலாற்றின் கடைசிப் பகுதியில், நம் காலத்திலேயே நடந்த ஒரு பெரிய இழப்பும் இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் பறவையைத் தெரிந்துகொள்வோம். வகுப்பில் பிள்ளைகளிடம் கழுகு ஒன்றை வரையச் சொன்னால், பெரும்பாலும் எல்லாரும் ஒரே மாதிரிதான் வரைகிறார்கள். தலை நிறைய இறகு, வளைந்த அலகு, கூரிய நகங்களில் ஒரு மீன் அல்லது பாம்பு. இது வேட்டையாடும் பறவை. உயிருள்ள இரையைப் பாய்ந்து பிடித்துக் காலால் நெரித்துக் கொல்லும். 'கழுகுக்கண்' என்று நாம் புகழ்வது பெரும்பாலும் இந்தப் பறவையை நினைத்துத்தான்.

பிணந்தின்னிக் கழுகு வேறு. அதன் தலையிலும் கழுத்திலும் இறகு மிகக் குறைவு; சிலவற்றுக்கு அறவே இல்லை. செத்த விலங்கின் உடலுக்குள் தலையை விட்டு உண்பதால், இறகு இருந்தால் அழுக்கும் குருதியும் ஒட்டிக்கொள்ளும். அதன் கால்கள் நடப்பதற்கு ஏற்றவை. உயிருள்ள இரையைப் பற்றித் தூக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. அகன்ற சிறகுகளை விரித்து, வெப்பக்காற்றில் மிதந்து, மணிக்கணக்கில் வானத்தில் வட்டமிடும். இறந்துபோன விலங்குகளையே அது பெரும்பாலும் உண்ணும். அதன் இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியில் உள்ள கொடிய நோய்க் கிருமிகளில் பலவற்றை அது அழித்துவிடும்.

நம் பழமொழி சொல்வது போல, அது மூக்கால் இரையை அறிகிறதா? ஆசியாவில் வாழும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு மோப்ப உணர்வு பெரிதாக இல்லை. அவை கண்ணால்தான் இரையைக் காண்கின்றன. வானத்தில் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் பறந்துகொண்டிருக்கும். ஒன்று கீழே இறங்கினால், அதைப் பார்த்து அடுத்தது இறங்கும். அதைப் பார்த்து மற்றொன்று. இப்படிச் சிறிது நேரத்தில் பெருங்கூட்டம் கூடிவிடும். எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்ததாகக் கீழே நிற்கும் நமக்குத் தோன்றுகிறது. பழமொழி பிறந்த கதை இதுவாக இருக்கலாம்.

மலாய் மொழியில் இவ்விரு வகைப் பறவைகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. வேட்டையாடும் பருந்து, கழுகு வகைகளை 'ஹெலாங்' என்பார்கள். லங்காவித் தீவின் பெயரில் அந்த ஹெலாங் இருப்பதாகவும் கூறுவார்கள். பிணந்தின்னிப் பறவைக்குப் பெயர் 'ஹெரிங்'. தமிழில் இன்றைய வழக்கில் நாம் இரண்டையும் 'கழுகு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். வேறுபாடு காட்ட வேண்டும் என்றால், 'பிணந்தின்னி' என்ற அடைமொழியைச் சேர்க்கிறோம். அதுவோ பெயர் போலவும் இருக்கிறது. வசவு போலவும் இருக்கிறது.

பழந்தமிழர் இப்படிச் செய்யவில்லை. சங்கப் பாடல்களில் எருவை, பாறு, கழுகு, பருந்து, எழால், பொகுவல் என்று பல பெயர்கள் வருகின்றன. பறவைகளின் ஆணுக்குச் சேவல் என்றும், பெண்ணுக்குப் பெடை, பேடை என்றும், குஞ்சுக்குப் பார்ப்பு, பிள்ளை என்றும் பெயர் வகுத்தது நம் மரபு. தொல்காப்பியத்தின் மரபியல் இவற்றையெல்லாம் வரிசைப்படுத்திச் சொல்கிறது. சேவல் என்றால் இன்று நமக்குக் கோழி மட்டுமே நினைவுக்கு வருகிறது. அன்றோ எருவைக்கும் சேவல் உண்டு. அதற்கும் பேடை உண்டு.

இவற்றுள் 'எருவை' என்ற சொல் குறிப்பிடத்தக்கது. நிகண்டுகளிலும் அகராதிகளிலும் இச்சொல்லுக்குக் கழுகு என்னும் பொருளோடு, செம்பு என்றும் குருதி என்றும் வேறு பொருள்கள் தரப்பட்டுள்ளன. செம்பும் சிவப்பு, குருதியும் சிவப்பு. சங்கப் புலவர்கள் எருவையைப் பாடும்போது, அதன் காது சிவந்திருப்பதையும் சொல்கிறார்கள். இந்தியாவில் வாழும் பிணந்தின்னிக் கழுகுகளில் ஒரு வகைக்குத் தலையும் கழுத்தும் சிவப்பு. காதை ஒட்டிச் சிவந்த தோல்மடிப்பு ஒன்று தொங்கும். இன்று அதனைச் செந்தலைப் பாறு என்கிறார்கள். நிறத்தைப் பார்த்தே நம் முன்னோர் எருவை என்று பெயர் வைத்திருக்கலாம் என எண்ண இடமுண்டு.

'பாறு' என்பதும் பழஞ்சொல்லே. பாறுதல் என்றால் சிதறுதல், அழிதல் என்று பொருள். போர் முடிந்து பாழ்பட்டுக் கிடக்கும் வெளியில் இப்பறவை வந்து தங்குவதைப் புறப்பாடல்கள் காட்டுகின்றன. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் இந்தப் பழஞ்சொல்லை இன்று மீண்டும் எடுத்துப் பயன்படுத்துகின்றனர். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என்று வகை பிரித்துச் சொல்கின்றனர்.

இனி, புலவர்கள் இந்தப் பறவையை எப்படிக் கண்டார்கள் என்பதைப் பார்ப்போம்.

அகநானூற்றின் 3ஆம் பாடலைப் பாடியவர் எயினந்தை மகனார் இளங்கீரனார். அது பாலைத்திணைப் பாட்டு. பொருள் தேடிப் பிரிந்து போவதா, மனைவியோடு இருப்பதா என்று ஒரு தலைவன் தன் நெஞ்சோடு பேசுகிறான். அவன் கடந்து போக வேண்டிய வறண்ட காட்டில் ஓர் ஓமை மரம் நிற்கிறது. முதலையின் தோலைப் போலச் சொரசொரத்த பட்டை அதற்கு. அதன் பெரிய கிளையில் குஞ்சு பொரித்த பேடை எருவை காவல் இருக்கிறது. அதற்கு இரை கொண்டுவருவதற்காகச் செவி சிவந்த ஆண் எருவை புறப்படுகிறது. புலி ஒன்று காட்டு விலங்கைக் கொன்று, குருதியைக் குடித்து, வேண்டிய மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. மிஞ்சிய நாற்றம் பிடித்த இறைச்சியை, கொள்ளை அடிப்பவரைப் போல எருவை கவர்ந்துகொள்கிறது.

நேயர்களே, இந்தக் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். கொன்றது புலி. எருவை எவ்வுயிரையும் கொல்லவில்லை, எஞ்சியதை எடுத்தது. அதையும் தனக்காக மட்டும் எடுக்கவில்லை. குஞ்சோடு பட்டினி கிடக்கும் துணைக்காக எடுத்தது. மனைவியை விட்டுப் பொருள் தேடப் போக நினைக்கும் ஒருவனுக்கு முன்னால், குடும்பத்திற்கு இரை தேடும் ஒரு பறவையைப் புலவர் நிறுத்தியிருக்கிறார். நம் பாட்டன்மார் கடல் கடந்து பால்மரக் காட்டுக்கு வந்த கதையும் பொருள்வயிற் பிரிந்த கதைதானே? அதனால் இப்பாட்டு நமக்கு அந்நியமானது அன்று.

இயற்கையை உற்று நோக்கிய கண்ணும் இந்தப் பாட்டில் தெரிகிறது. செந்தலைப் பாறு மற்ற வகைகளைப் போலப் பெருங்கூட்டமாக வாழ்வதில்லை. உயர்ந்த மரத்தின் மேல் ஒரு சோடி தனியாகக் கூடு கட்டும். இன்றைய பறவை நூல்கள் சொல்லும் இச்செய்தியும், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் பாடப்பட்ட இந்தப் பாட்டின் காட்சியும் ஒத்துப் போகின்றன. பழித்துப் பேசுவதற்கு முன் பார்க்கத் தெரிந்தவர்கள் அந்தப் புலவர்கள்.

அடுத்துப் புறநானூற்றிற்கு வருவோம். வெளிமான் என்னும் வள்ளல் இறந்தபோது, பெருஞ்சித்திரனார் என்ற புலவர் பாடியது 238ஆம் பாட்டு. பரிசிலை எதிர்பார்த்துச் சென்ற புலவரை வள்ளலின் சாவுச் செய்தி தாக்குகிறது. அவர் காட்டுவது ஒரு சுடுகாடு. இறந்தவரை மூடிய சிவந்த மண்தாழியின் மேல், செவி சிவந்த சேவல் அமர்ந்திருக்கிறது. பொகுவல் என்னும் பறவையும் உடன் இருக்கிறது. அவற்றுக்கு அச்சமே இல்லை. காக்கையும் கூகையும் அங்கே கூடித் திரிகின்றன. அத்தகைய காட்டுக்கு வள்ளல் போய்விட்டான் என்று புலவர் கலங்குகிறார்.

செவி சிவந்த அந்தச் சேவல் கழுகின் ஆண் என்பது உரைகாரர்கள் தரும் விளக்கம். மனிதர் வாழும் ஊரின் பக்கத்தில் இப்பறவைக்கு என்ன வேலை என்று நாம் கேட்கலாம். இதற்கு விடை மணிமேகலையில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டை விவரிக்கும் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், இறந்தவர் உடலை அடக்கம் செய்யும் 5 முறைகளைச் சாத்தனார் கூறுகிறார். சுடுவது ஒன்று; வெளியில் அப்படியே இட்டுவிடுவது ஒன்று; குழி தோண்டிப் புதைப்பது ஒன்று; தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பது ஒன்று; தாழியால் கவிப்பது ஒன்று. தாழியில் அடக்கம் செய்ததற்குத் திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் கிடைத்த மண்தாழிகள் இன்றும் சான்றாக உள்ளன. வெளியில் இடும் வழக்கம் இருந்த ஊரில், இப்பறவைகள் சுடுகாட்டை நாடி வந்ததில் வியப்பில்லை. அந்த ஊருக்கு அவை துப்புரவுப் பணியாளர்களாக இருந்தன.

ஆனால், சாவின் பக்கத்தில் எப்போதும் காணப்பட்டதால், காலப்போக்கில் இப்பறவையே சாவின் அடையாளமாகிவிட்டது. போர்க்களத்தைப் பாடும் பரணி இலக்கியத்தில் பேய்களோடு சேர்ந்து பருந்தும் கழுகும் வருகின்றன. உடம்பு நிலையில்லாதது என்று பாடிய சித்தர்கள், இந்த உடல் நாய்க்கும் நரிக்கும் கழுகுக்கும் உணவாகப் போவது என்று எச்சரித்தார்கள். இப்படிக் கழுகு என்ற சொல்லின் மேல் அச்சமும் அருவருப்பும் படிந்தன. வேட்டையாடும் பருந்தோ கருடன் என்று கும்பிடப்பட்டது. இரண்டும் இறைச்சி தின்பவைதாம். ஒன்று கொன்று தின்கிறது. மற்றொன்று செத்ததைத் தின்கிறது. கொல்லுவதற்குப் பெருமையும் கொல்லாததற்குப் பழியும் சேர்ந்தது விந்தையே.

இந்தப் பழியை நீக்கிய கதை ஒன்றும் நம் இலக்கியத்தில் உண்டு. அது சடாயுவின் கதை.

படங்களில் சடாயுவை வேட்டைக் கழுகைப் போல வரைந்து நமக்குப் பழக்கிவிட்டார்கள். ஆனால், வான்மீகி முனிவர் வடமொழியில் சடாயுவுக்குச் சொல்லும் பெயர் பிணந்தின்னிக் கழுகையே குறிக்கும். கம்பரும் அவனைக் கழுகுகளின் அரசனாகவே பாடுகிறார். ஆரணிய காண்டத்தில் 'சடாயு காண் படலம்' என்றும் 'சடாயு உயிர் நீத்த படலம்' என்றும் அவனுக்காக 2 படலங்களே அமைந்துள்ளன.

காட்டில் அவனை முதலில் கண்டபோது, இவன் அரக்கனோ என்று இராமனும் இலக்குவனும் ஐயுறுகிறார்கள். தோற்றத்தைக் கண்டு ஐயுறுவது அவர்களுக்கும் நேர்ந்தது! பிறகுதான் அவன் தங்கள் தந்தை தசரதனின் நண்பன் என்று தெரிகிறது. தசரதன் இறந்த செய்தி கேட்டு அப்பறவை துடித்து அழுகிறது. பின்னர், இராவணன் சீதையைத் தூக்கிச் செல்லும்போது தடுத்தவன் யார்? பெரிய படையுடைய அரசனா? இல்லை. முதுமையடைந்த ஒரு கழுகு. வெல்ல முடியாது என்று தெரிந்தும் எதிர்த்து நின்று, தேரைச் சிதைத்து, கடைசியில் வாளால் வெட்டுண்டு வீழ்கிறது.

இராமன் வந்து சேரும் வரை உயிரைப் பிடித்து வைத்திருந்து, நடந்ததைச் சொல்லிவிட்டுச் சடாயு இறக்கிறான். அப்போது இராமன் என்ன செய்கிறான்? தந்தைக்கு மகன் செய்யும் கடனை அந்தப் பறவைக்குச் செய்கிறான். சிதை அடுக்கி, தீ மூட்டி, நீர்க்கடன் ஆற்றுகிறான். தசரதன் அயோத்தியில் இறந்தபோது, இராமன் காட்டில் இருந்தான். பெற்ற தந்தைக்கு அவன் கையால் கொள்ளி வைக்க முடியவில்லை. அந்தக் கடனை ஒரு கழுகுக்குச் செய்கிறான். பிணத்தைத் தின்னும் இனம் என்று உலகம் பழித்த பறவைக்கு, அரச குமாரன் மகனாக இருந்து ஈமக்கடன் செய்கிறான். இழிந்த பிறப்பு, உயர்ந்த பிறப்பு என்று பேசுவோருக்கு இதைவிடச் சிறந்த விடை வேண்டுமா?

இந்த நன்றியைத் தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்களும் நினைவில் வைத்திருக்கின்றன. காஞ்சிபுரத்திற்கு அருகில் திருப்புட்குழி என்ற திருத்தலம் உண்டு. புள் என்றால் பறவை. சடாயுவுக்கு இராமன் இறுதிக் கடன் செய்த இடம் அது என்பது தலபுராணம். நாம் வைத்தீசுவரன் கோயில் என்று சொல்லும் தலத்தின் பழம்பெயர் புள்ளிருக்கு வேளூர். அங்கு வழிபட்ட புள் சடாயு என்றும் கூறுவார்கள்.

சடாயுவின் அண்ணன் சம்பாதி. தம்பியைக் கதிரவனின் வெப்பத்திலிருந்து காக்கத் தன் சிறகை விரித்து, அச்சிறகு கரிந்துபோனவன். வானரங்கள் வழி தெரியாமல் கடற்கரையில் கலங்கி நின்றபோது, சீதை இலங்கையில் இருக்கிறாள் என்று சொன்னவன் அவனே. கழுகினத்திற்கு நெடுந்தொலைவு பார்க்கும் கண் உண்டு என்பதை வான்மீகி அவன் வாயிலாகவே சொல்ல வைக்கிறார். பாருங்கள், பழமொழி மூக்கைச் சொன்னது. காவியம் கண்ணைச் சொன்னது. காவியம் சொன்னதே சரி.

நாம் வாழும் இந்த மண்ணிலும் சடாயு அறியப்படாதவன் அல்லன். 'ஹிக்காயாட் ஸ்ரீ ராமா' என்னும் பழைய மலாய் நூலில் அவன் ஜெந்தாயு என்ற பெயரோடு வருகிறான். தீராத ஏக்கத்தோடு காத்திருப்பவரை, மழைக்குக் காத்திருக்கும் ஜெந்தாயு போல என்று மலாய்ப் பழமொழி சொல்லும். சடாயு கடல் கடந்து வந்து, இந்நாட்டுப் பழமொழி ஒன்றிலும் குடியேறியிருக்கிறான்.

இனி, வரலாற்றில் ஓர் ஊர். செங்கற்பட்டுக்கு அருகில் உள்ளது திருக்கழுக்குன்றம். கழுகு, குன்றம் என்ற இரு சொற்களும் சேர்ந்து கழுக்குன்றம் ஆயிற்று. தேவாரம் பாடிய மூவரும் இத்தலத்தைப் பாடியிருக்கிறார்கள். ஆகவே, 7ஆம் நூற்றாண்டிலேயே இப்பெயர் வழங்கியது தெளிவு. இந்த மலையில், நண்பகல் வேளையில் 2 பறவைகள் வந்து இறங்கும். பூசாரி பொங்கலை எடுத்து வைப்பார். அவர் கையருகில் வந்து அவை உண்டுவிட்டுப் பறந்து போகும். காலையில் கங்கையில் நீராடி, நண்பகலில் இங்கே உணவு கொண்டு, இராமேசுவரம் போகும் முனிவர்கள் அவை என்று பக்தர்கள் நம்பினார்கள். அவை மஞ்சள்முகப் பாறு என்னும் வகை. வெண்ணிற உடல், சிறகின் ஓரத்தில் கருமை, முகத்தில் மஞ்சள் நிறம். நம் பெரியவர்களில் ஊருக்குப் போய் வந்தவர் சிலர் அவற்றைப் பார்த்திருக்கலாம். 1990களின் இறுதியில் அந்தப் பறவைகள் வருவது நின்றுபோனது. ஊரின் பெயரில் கழுகு இருக்கிறது. குன்றின் மேல் இல்லை.

நான் தொடக்கத்தில் சொன்ன இழப்பு இதுதான். இது ஒரு குன்றோடு நிற்கவில்லை.

1980களில் இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கோடிக்கணக்கில் இருந்தன. வெண்முதுகுப் பாறு உலகிலேயே மிகுதியான பெரிய ஊனுண்ணிப் பறவையாக எண்ணப்பட்டது. 1990களில் அவை கொத்துக் கொத்தாகச் செத்து விழத் தொடங்கின. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 விழுக்காடு குறைந்துவிட்டதாகக் கணக்கெடுப்புகள் காட்டின. அதாவது, 1000 பறவைகள் இருந்த இடத்தில் 1 பறவை.

காரணம் என்ன என்று ஆராய்ச்சியாளர்கள் தேடினார்கள். தொற்றுநோயோ என்று முதலில் ஐயுற்றார்கள். 2004ஆம் ஆண்டில் உண்மை வெளியாயிற்று. மாட்டுக்கு வலியும் வீக்கமும் குறையக் கொடுக்கும் டைக்குளோஃபினாக் என்ற மருந்துதான் காரணம். இந்த மருந்து கொடுக்கப்பட்ட மாடு சில நாளில் செத்துப்போனால், அதன் உடலில் மருந்து தங்கியிருக்கும். அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டு, சில நாளில் அது இறந்துவிடும். நமக்கு மூட்டு வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பதும் இதே மருந்துதான். அளவறிந்து கொடுக்கும்போது மனிதருக்கு மருந்து. அந்தப் பறவைக்குச் சிறிதளவே நஞ்சு. மாட்டின் மேல் இரக்கம் கொண்டு கொடுத்த மருந்து, யாரும் நினைக்காத ஓரிடத்தில் போய்க் கொன்றது.

கழுகு போனதும் என்ன ஆயிற்று? செத்த மாடுகள் ஊர்ப்புறத்தில் அழுகிக் கிடந்தன. தெருநாய்கள் பெருகின. வெறிநாய்க்கடி பெருகும் ஆபத்து வந்தது. கிணறுகளும் ஓடைகளும் கெட்டன. 2000 முதல் 2005 வரையிலான 5 ஆண்டுகளில் மட்டும், கழுகுகள் இல்லாத காரணத்தால் இந்தியாவில் ஏறத்தாழ 5 இலட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று, பொருளியல் அறிஞர் இருவர் பின்னர் மதிப்பிட்டுள்ளனர். பிணந்தின்னி என்று யாரைத் திட்டினோமோ, அவை இல்லாமற்போனபோது மனிதரின் சாவு பெருகிற்று.

2006ஆம் ஆண்டில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகள் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தன. அதே போன்று தீங்கு செய்யும் வேறு 2 மருந்துகளை இந்தியா 2023இல் தடை செய்தது. கூண்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து, மீண்டும் காட்டில் விடும் முயற்சியும் நடக்கிறது. ஆனால், இப்பறவைகள் ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இனம் பெருக்கச் சில ஆண்டுகள் ஆகும். அழிய 15 ஆண்டுகள் போதுமாக இருந்தன. மீள எத்தனை தலைமுறை ஆகுமோ! தமிழ்நாட்டில் நீலகிரி மலையடிவாரத்தில், முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் சில நூறு என்ற அளவுக்குள் அவை எஞ்சி வாழ்கின்றன.

நம் தீபகற்பத்தின் வடபகுதியிலும் ஒரு காலத்தில் வெண்முதுகுப் பாறும் செந்தலைப் பாறும் இருந்தன. இன்று அவை இங்கு வாழ்வதில்லை. எப்போதாவது வழி தவறிய ஒன்றிரண்டு வடக்கிலிருந்து வந்து சேரும். 2021ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் அப்படி ஒரு பெரிய கரிய கழுகு சிங்கப்பூரில் வந்து இறங்கியது. வேடிக்கை பார்க்க மக்கள் கூடினார்கள். பேரக்குழந்தைகளுக்கு அது பெயர் தெரியாத பறவை. செவி சிவந்த சேவலைத் தாழியின் மேல் கண்டு பாடிய இனத்தின் பிள்ளைகள் அவர்கள் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

ஆகவே, நேயர்களே, சொல்லின் வரலாறு வெறும் சொல்லின் வரலாறாக நின்றுவிடுவதில்லை. எருவை, பாறு, கழுகு என்று தனித்தனியே பெயர் சொல்லத் தெரிந்த காலத்தில், ஒவ்வொரு பறவையையும் தனித்தனியே பார்க்கவும் தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் போட்டு, அதையும் வசவாக்கிய பிறகு, அப்பறவை நமக்குக் கண்ணில் படாமலே போனது. பெயர் தெரியாத ஒன்று காணாமற்போனால், தேடுவார் யார்?

தோட்டத்து மக்களாகிய நாம் இதனை வேறு எவரையும்விட நன்றாக உணர முடியும். பெருஞ்சித்திரனார் சுடுகாட்டில் எருவையோடு சேர்த்துக் காட்டிய கூகையை நினைவிருக்கிறதா? வெண்ணிற முகம் கொண்ட அதன் இனத்தைச் சாவுக்குருவி என்று சொல்லி, கூரைமேல் கத்தினால் கல்லெடுத்து விரட்டியவர்கள் நாம். இன்று செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டு, அதன் மேல் பெட்டி வைத்து, அதே ஆந்தைக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். பழக்குலைகளைக் கடித்து வீணாக்கும் எலிகளை அது இரவெல்லாம் பிடித்துத் தின்கிறது. நேற்றுவரை கெட்ட சகுனம். இன்று தோட்டத்தின் இரவுக் காவலாளி. பறவை மாறவில்லை. நாம் அதனைப் பார்த்த பார்வைதான் மாறியது.

துப்புரவு செய்கிறவரை இழிவாகப் பேசுவதும், அவர் ஒருநாள் வராவிட்டால் நாற்றம் தாங்காமல் தவிப்பதும் மனிதரிடையேயும் உள்ள வழக்கம்தான். கால்வாய் வெட்டுகிறவர், குப்பை அள்ளுகிறவர், பிணம் சுமக்கிறவர் ஆகியோரின் பெயர்களை நாம் எப்படிச் சொல்லுகிறோம் என்பதையும் இந்த இடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பெயர்களிலும் நாம் வசவை ஏற்றியிருக்கிறோம்.

இனிமேல் பேராசைக்காரனைத் திட்ட வேண்டுமானால், அவனை மனிதன் என்றே சொல்லித் திட்டுங்கள். கழுகை விட்டுவிடுங்கள். அது உயிருள்ளவரின் உழைப்பைத் தின்பதில்லை. உங்கள் பிள்ளைகளை அழைத்து, செம்பனைக்கு மேலே வட்டமிடும் பறவையைக் காட்டி, இது செம்பருந்து, இதன் பெயர் ஹெலாங் என்றும், எருவை என்று மற்றொன்று உண்டு, அதன் செவி சிவந்திருக்கும், அது கொல்லாது என்றும் சொல்லிக்கொடுங்கள். பாடப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும், வீட்டில் பெரியவர் வாயால் கேட்டது பிள்ளைகளுக்கு மறக்காது.